இரண்டு சில்லிலிருந்து மூன்று சில்லுக்கு



சென்ற இதழில் கொலஸ்திரோல் குளிசைகள் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை மோட்டார் சைக்கிள் பற்றி எழுதப் போகிறோம். மருத்துவப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். மோட்டார் சைக்கிளையே தொடாதவர்களும், கார் மட்டும் ஓடுபவர்களும், நீரிழிவுள்ள கணவரையோ மனைவியையோ வீட்டில் வைத்திருப்பவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டிய விடயம் இது.

எம்மவரில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு மோட்டார் சைக்கிள் என்பது வெறும் வாகனம் அல்ல. 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை நாம். பின்னால் எழும்பும் கரும்புகையும் அந்த மணமும் இன்றும் மூக்கில் நிற்கின்றன. நாம் மருத்துவ மாணவராக இருந்த நாட்களில் ஒரு பழைய ஹொண்டாவில் மூன்று பேராக விரிவுரைக்குப் போனதும் உண்டு. வைத்தியர் சொல்லக்கூடாத கதை அது, விட்டுவிடுவோம்.

பின்னர் இடம்பெயர்ந்து இந்நாட்டுக்கு வந்தோம். இரண்டு வேலை, மூன்று வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வீட்டுக் கடனையும் கட்டி முடித்தபின் சிலர் தங்களுக்கென்று ஒரேயொரு ஆசையை நிறைவேற்றினார்கள். பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார்கள். அதை நாம் ஒருபோதும் குறை சொன்னதில்லை. நாள் முழுவதும் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மனிதர் ஞாயிறு காலையில் இரண்டு மணித்தியாலம் காற்றில் போய்வருவது அவருடைய மனதுக்கு எமது எந்தக் குளிசையையும் விட நல்லது.

வயது போகப் போக முழங்கால் தேய்கிறது, இடுப்பு பிடிக்கிறது. 250 கிலோவுக்கு மேல் நிறையுள்ள வண்டியைச் சிவப்பு விளக்கில் ஒற்றைக் காலில் தாங்குவது கடினமாகிறது. அப்போது ஒரு கேள்வி வரும்: "டொக்டர், மூண்டு சில்லு மோட்டார் சைக்கிள் எடுக்கட்டோ?"

இப்படிக் கேட்ட ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை. அவருக்கு வயது அறுபத்தொன்று. அவரது முழுச் சம்மதத்துடன் எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். "எழுதுங்கோ, ஆனா பேர் வேண்டாம். நாலு பேர் படிச்சு சொக்ஸைக் கழற்றிப் பாத்தாப் போதும்" என்று அவரே சொன்னார். அவரை இங்கே அண்ணை என்றே அழைப்போம். வைத்திய அறையிலும் நாம் அவரை அப்படித்தான் அழைக்கிறோம். அவர் எம்மை "டொக்டர் தம்பி" என்பார்.

அண்ணை அன்று வந்தது கெண்டைக்காலில் ஒரு தீக்காயத்துக்காக. கராஜில் வண்டியைத் துடைக்கும்போது புகைக்குழாயில் பட்டதாகச் சொன்னார். கூட வந்த அக்கா வாய் திறக்கவில்லை. காயத்துக்கு மருந்து எழுதி முடிந்து இருவரும் எழும்பும் நேரத்தில் அக்கா திரும்பவும் இருந்துவிட்டார்.

"டொக்டர், இவர் உங்களுக்குப் பொய் சொல்லுறார். துடைக்கேக்க பட்டதில்லை. சிக்னல் லைற்றில நிக்கேக்க வண்டியோட சரிஞ்சு விழுந்தவர். நானும் பின்னால இருந்தனான்."

அண்ணை நிலத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கால் வைச்சனான் தம்பி. ஆனா கால் அங்க இல்லை."

முப்பது வருட வைத்திய வாழ்க்கையில் நீரிழிவு நரம்புப் பாதிப்பை இவ்வளவு சரியாக எந்தப் பாடப்புத்தகமும் எமக்கு விளக்கவில்லை. கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. அது நிலத்தைத் தொட்டதா, எந்தக் கோணத்தில் தொட்டது, எவ்வளவு பாரம் ஏறுகிறது என்ற செய்திதான் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. பதினான்கு வருட நீரிழிவில் அவரது கால் நரம்புகளின் நுனிகள் மெல்ல மெல்லப் பழுதடைந்திருந்தன. உடலில் மிக நீளமான நரம்புகள் காலுக்குப் போகின்றவை. ஆகவே முதலில் பாதிக்கப்படுவது பெருவிரலும் பாதமும். பின்னர் அது காலுறை போட்டது போல மேலே ஏறும். இதில் ஒரு வஞ்சகம் என்னவென்றால், சிலருக்கு எரிவு, குத்து, ஊசி ஏற்றுவது போன்ற உணர்வு வரும். அவர்கள் வைத்தியரிடம் ஓடி வருவார்கள். வேறு சிலருக்கு ஒன்றும் வராது, உணர்வு போய்விடும். நோகாத காலைப் பற்றி யார் முறையிடுவார்கள்?

வருடாந்தக் கால் பரிசோதனைக்கு அண்ணை இரண்டு வருடமாக வரவில்லை. கடையை விட்டு வர நேரமில்லை என்றார். நாமும் இரத்தப் பரிசோதனை இலக்கம் பரவாயில்லை என்று பார்த்துக் குளிசையைப் புதுப்பித்துக் கொண்டிருந்தோம். அந்தத் தவறில் எமக்கும் பங்கு உண்டு. இன்னொரு தவறும் இருக்கிறது, அதற்கு வருகிறோம்.

அன்று அவர் கேட்டார்: "மூண்டு சில்லெண்டால் விழாதுதானே? அதுக்கு மாறினாச் சரியோ?"

எமக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லி அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடத்திலிருந்து தப்பினோம் அல்லவா? "நல்ல முடிவு அண்ணை" என்றோம். அக்காவும் தலையாட்டினார். பத்து நிமிடமும் முடிந்துவிட்டது.

மூன்று சில்லு என்றால் விழாது என்ற நம்பிக்கை எம் எல்லோரிடமும் இருக்கிறது. ஊரில் ஓட்டோவில் போனவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. வளைவில் வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சில்லு நிலத்தை விட்டு எழும்பும். பிரேக் பிடித்துக்கொண்டே திருப்பினால் பாரம் முன்னால் பாய்கிறது, ஆனால் முன்மூலையில் தாங்குவதற்குச் சில்லு இல்லை. இந்நாட்டில் பழைய தொலைக்காட்சித் தொடர் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹோர்சஸ்' பார்த்தவர்களுக்கு அந்த மஞ்சள் நிற ரிலையன்ட் வான் நினைவிருக்கும். அதுவும் முன்னால் ஒற்றைச் சில்லுத்தான். அமெரிக்காவில் கரடுமுரடான நிலத்தில் ஓடும் மூன்று சில்லு வண்டிகள் ஒரு காலத்தில் பெருமளவில் விற்பனையாகின. சிறுவர்கள் உட்படப் பலர் காயமடைந்தும் இறந்தும் போனதால், அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் 1988இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் புதியவற்றை விற்பதை நிறுத்தினார்கள். அங்கே நாலு சில்லு வண்டிகள் அந்த இடத்தைப் பிடித்தன.

இன்று விற்பனையாகும் மூன்று சில்லு மோட்டார் சைக்கிள்கள் அவற்றைவிட எவ்வளவோ முன்னேறியவை. ஆனால் எல்லாம் ஒரே வகை அல்ல. ஒரு நோயாளிக்குப் பொருந்துவது இன்னொருவருக்கு ஆபத்தாகலாம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். அண்ணையின் புண்ணியத்தில் நாமும் படித்துக்கொண்டது இது.

பாரிஸ் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனவர்கள் அங்கே தெருவில் முன்னால் இரண்டு சில்லு வைத்த ஸ்கூட்டர்களைக் கண்டிருப்பீர்கள். பியாஜியோ நிறுவனத்தின் எம்.பி.3, 2006இல் வந்தது. அதன் முன்சில்லுகள் இரண்டும் வண்டியோடு சேர்ந்து சரியும். ஆகவே ஓடும் விதம் சாதாரண மோட்டார் சைக்கிள் போலவே இருக்கும். நிற்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாமல் பூட்டிக்கொள்ளும், கால் ஊன்ற வேண்டியதில்லை. யமஹாவின் ட்ரைசிட்டி 125, நைக்கன் ஆகியவையும் இதே குடும்பம்தான். ஆனால் அவற்றில் அந்தப் பூட்டு இல்லை. ஈரத்திலும் சறுக்கும் வீதியிலும் முன்பக்கப் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் நிற்கும்போது கால் ஊன்றாவிட்டால் மற்ற மோட்டார் சைக்கிள் போலவே சரிந்து விழும். காலில் பலமோ உணர்வோ இல்லாத ஒருவர் "மூன்று சில்லுத்தானே" என்று இதை வாங்கினால், முதல் சிவப்பு விளக்கிலேயே உண்மை தெரிந்துவிடும். ட்ரைசிட்டி 300இல் நிற்க உதவும் பூட்டு உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் வண்டி வேறு. கேட்டு வாங்க வேண்டும்.

சரியாத வகை வேறு. கனடாவின் கியூபெக்கில் தயாராகும் கான்-ஆம் ஸ்பைடர் 2007இல் வந்தது. முன்னால் இரண்டு அகலமான சில்லு, பின்னால் ஒன்று. தானாகவே நிற்கும், பின்னோக்கியும் ஓடும். கிளச் பிடிக்கத் தேவையில்லாத வகையும் உண்டு. ஹார்லி டேவிட்சனின் ட்ரை கிளைட் முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக வருவது. சாதாரணப் பெரிய மோட்டார் சைக்கிளை வாங்கிப் பின்சில்லை இரண்டாக மாற்றித் தரும் பட்டறைகளும் இந்நாட்டில் உண்டு.

இவற்றுக்கு மாறும்போது முதலில் எதிர்த்து நிற்பது உங்கள் சொந்த உடல்தான். முப்பது வருடம் மோட்டார் சைக்கிள் ஓடியவரின் கைகளுக்கு ஒரு இரகசியம் தெரியும், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். வேகத்தில் வலப்பக்கம் திரும்ப அவர் வலக் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளுகிறார். வண்டி வலப்பக்கம் சரிந்து திரும்புகிறது. சரியாத மூன்று சில்லில் அதே தள்ளலைக் கொடுத்தால் அது இடப்பக்கம் போகும்! அங்கே திரும்ப வேண்டிய பக்கத்துக்கே கைப்பிடியைத் திருப்ப வேண்டும். உடலும் வண்டியோடு சேர்ந்து சரியாது, வெளிப்பக்கமாக எறியப்படும். அதைத் தோளும் முதுகும் பிடித்து நிற்க வேண்டும். தோள்மூட்டு இறுகியவர்களுக்கு இது வேதனை. அனுபவம் கூடியவர்களுக்கே முதல் நாளில் கடினம் கூட. புதிதாகப் பழகுபவருக்கு மறக்க எதுவும் இல்லை அல்லவா?

அடுத்தது, நிற்கப் போகும் நேரத்தில் கால் தானாகவே கீழே போகும் பழக்கம். பின்னால் இரண்டு சில்லு உள்ள வண்டியில் ஓடும்போதே காலைக் கீழே விட்டால் அது பின்சில்லுக்குள் அகப்படலாம். உணர்வு குறைந்த காலென்றால் அகப்பட்டதும் உடனே தெரியாது. வீதியின் நடுவே குழி வந்தால் மோட்டார் சைக்கிளில் விலகிப் போகலாம். மூன்று சில்லு மூன்று தடத்தில் போவதால் ஏதோ ஒன்று அதில் விழுந்தே தீரும்.

இனி அந்த இரண்டாவது தவறுக்கு வருவோம்.

மூன்று கிழமை கழித்து அண்ணை மீண்டும் வந்தார். முகம் சரியில்லை. முன்னால் இரண்டு சில்லு வைத்த, சரியாத வண்டி ஒன்றை ஓடிப் பார்க்கப் போயிருக்கிறார். விற்பனை நிலையத்துப் பொடியன், வயது இருபத்தைந்து இருக்கும், ஒரு வெறுமையான கார்த் தரிப்பிடத்தில் வைத்து விளங்கப்படுத்தியிருக்கிறான். "இதிலே கைப் பிரேக் இல்லை. மூன்று சில்லுக்கும் சேர்த்து வலது காலால் மிதிக்கும் ஒரேயொரு பிரேக்தான். எங்கே, மெதுவாக மிதியுங்கள் பார்ப்போம்."

அண்ணை மிதித்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் மிதித்தார். திடீரென்று தூக்கி எறிவது போல நின்றது. மூன்று முறை முயன்றாராம். நான்காம் முறை அந்தப் பொடியன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறான்: "ஐயா, பிரேக்கில் உங்கள் கால் இருப்பது உங்களுக்குத் தெரிகிறதா?"

அந்தக் கேள்வியை அன்று வைத்திய அறையில் கேட்டிருக்க வேண்டியவர் நாம். விழுந்தது இடது கால் ஊன்றாததால் என்பதால் இடது காலையே பார்த்தோம். வலது காலை அவசரமாகத்தான் பார்த்தோம். கால் ஊன்றத் தேவையில்லை என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். மூன்றாவது சில்லு அவரது இடது காலின் வேலையை எடுத்துக்கொண்டது சரி, ஆனால் முன்பு வலது கையும் வலது காலும் பகிர்ந்து செய்த பிரேக் வேலை முழுவதையும் வலது காலின் தலையில் கட்டிவிட்டது. ஒரு மருந்தை நிறுத்தி இன்னொன்று தொடங்கும்போது பத்துத் தடவை யோசிக்கும் நாம், வண்டி விடயத்தில் ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

அன்று இரண்டு காலையும் ஒழுங்காகப் பரிசோதித்தோம். நைலோன் இழையால் தொட்டும், இசைக்கவை வைத்து அதிர்வுணர்வைப் பார்த்தும், கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலை மேலும் கீழும் அசைத்தும் பார்த்தோம். இடது கால் மோசம். வலது காலும் அதற்குப் பெரிதாகப் பின்னால் இல்லை.

இதில் எளிமையான ஒரு பரிசோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியசாலையில் உருவானது, ஆகவே அதற்கு இப்ஸ்விச் தொடுகைப் பரிசோதனை என்று பெயர். ஒருவர் காலுறையைக் கழற்றிவிட்டுப் படுத்துக் கண்ணை மூட வேண்டும். மற்றவர் சுட்டுவிரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை மிக மெதுவாகத் தொட வேண்டும். இரு காலிலும் சேர்த்து ஆறு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு செக்கன், கூடினால் இரண்டு. அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது. தொட்டதை உணர்ந்தவுடன் இடமா வலமா என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே இடத்தைத் திரும்பவும் தொட்டு "இப்ப தெரியுதா?" என்று கேட்கக் கூடாது. எம்மவர் வீடுகளில் இங்கேதான் பிழை வரும், அன்பின் மிகுதியால் கள்ளப் புள்ளி போட்டுவிடுவார்கள். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் உணரப்படாவிட்டால் உங்கள் ஜி.பி.யிடம் போங்கள். அண்ணைக்கு ஆறில் இரண்டுதான் தெரிந்தது.

அடுத்து ஒரு கேள்வி எமக்கு உறைத்தது. பிரேக் மிதியை உணராத அதே வலது காலால் அவர் தினமும் வேறு என்ன மிதிக்கிறார்?

"அண்ணை, கடைக்குச் சாமான் எடுக்க ஆர் போறது?"

"நான்தான். விடிய நாலரைக்கு வானில."

"பேரப்பிள்ளையளை ஆர் பள்ளிக்கூடத்தில விடுறது?"

அவர் பதில் சொல்லவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள் ஞாயிறில் இரண்டு மணித்தியாலம். வானும் காரும் கிழமைக்கு ஏழு நாள். இரண்டு சில்லில் விழுந்திராவிட்டால், மூன்று சில்லைப் பார்க்கப் போயிராவிட்டால், இந்த விடயம் எப்போது, எந்தப் பாதசாரிக் கடவையில் வெளியில் வந்திருக்கும் என்று நினைக்கவே எமக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்று அவரிடம் கடினமான வார்த்தைகளைச் சொன்னோம். மதிப்பீடு முடியும் வரை எந்த வாகனமும் ஓட வேண்டாம், டி.வி.எல்.ஏ.வுக்கு நீங்களே அறிவிக்க வேண்டும் என்றோம். ஓட்டுவதைப் பாதிக்கும் நோயை மறைத்தால் 1000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். விபத்து நடந்தால் வழக்கும் வரலாம். நோயாளி அறிவிக்காமல் தொடர்ந்து ஓடினால், பிறரின் உயிரைக் கருதி வைத்தியரே அறிவிக்கலாம் என்று எமது மருத்துவ சபையின் வழிகாட்டல் சொல்கிறது. இதைச் சொன்னபோது அண்ணை கேட்டார்: "தம்பி, நீங்களும் என்னைப் பிடிச்சுக் குடுக்கப் போறியளோ?"

அந்தச் சொல்லின் பாரம் எமக்குத் தெரியும். சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் நாம். அதிகாரம் என்றால், படிவம் என்றால், அடையாள அட்டை என்றால் எமக்கு வயிற்றில் ஒரு பயம். அதனால்தான் எம்மவர் பலர் மயக்கம் வந்ததையும் கண் மங்குவதையும் கால் மரத்ததையும் ஜி.பி.யிடம் மறைக்கிறார்கள் என்பது எமது கணிப்பு. லைசன்ஸ் போனால் வேலை போகும், வேலை போனால் எல்லாம் போகும் என்ற கணக்கு. ஆனால் டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதுவது லைசன்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமமல்ல. ஓடலாம், குறிப்பிட்ட மாற்றங்கள் செய்த வாகனத்தை ஓடலாம், குறுகிய காலத்துக்கு லைசன்ஸ் தருகிறோம், பிறகு பார்ப்போம் என்று பலவிதமாகப் பதில் வரலாம். லைசன்ஸின் பின்பக்கத்தில் அதற்கென்றே குறியீட்டு எண்கள் இருக்கின்றன.

அண்ணைக்கு நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதமும் மருமகன் நாலரைக்கு எழும்பினார். நாமும் ஒரு படிவம் நிரப்பினோம். ஓட்டுநர் மதிப்பீட்டு நிலையம் ஒன்றில் அரை நாள் பரிசோதித்தார்கள். கடைசியில், கையால் பிரேக்கும் அக்சிலேட்டரும் இயக்கும் ஓட்டோமற்றிக் வாகனம் ஓட அனுமதி கிடைத்தது. பழகுவதற்கு இன்னும் ஒரு மாதம். இதற்கிடையில் இரத்தப் பரிசோதனையில் அவரது பி12 விற்றமின் குறைவு என்று தெரிந்தது. மெற்போமின் குளிசையை வருடக் கணக்கில் எடுப்பவர்களுக்கு இது குறையலாம், அதிலும் சைவ உணவுக்காரருக்குக் கூடுதல் கவனம் தேவை. பி12 குறைவும் கால் நரம்பைப் பாதிக்கும், அதற்கு மருந்து உண்டு. ஊசி போட்டோம். விறைப்பு கொஞ்சம் குறைந்தது. போன உணர்வு முழுவதும் திரும்பவில்லை.

மோட்டார் சைக்கிள் என்ன ஆனது? பழைய வண்டியை விற்றுவிட்டார். ஊனமுற்ற மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்கென்று 1991இல் தொடங்கப்பட்ட தேசிய சங்கம் ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி என்.ஏ.பி.டி. என்பார்கள். வண்டிகளை உடலுக்கேற்ப மாற்றுவது பற்றி ஆலோசனை தருவார்கள். கை ஒன்றை இழந்தவர்களும் கால் இயங்காதவர்களும் மூன்று சில்லில் ஓடுவதை அங்குதான் அறிந்தோம். தமிழ்நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசு வழங்கி வருகிறது. எம் மக்களில் போரில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்தத் தகவல் பலருக்குப் பயன்படலாம். அண்ணை கடைசியில் வாங்கியது முன்னால் இரண்டு சில்லு வைத்த, சரியாத வண்டிதான். பிரேக்கைக் கைக்கு மாற்றியிருக்கிறார். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்தார்.

வேறு சில விடயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தொடர்ந்து இன்சுலின் எடுப்பவர்கள் எந்த வாகனமானாலும் டி.வி.எல்.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டும். ஓடத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணித்தியாலத்துக்குள் சீனி பார்க்க வேண்டும், நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட வேண்டும், 4க்குக் கீழே என்றால் ஓடவே கூடாது. சீனி இறங்கியிருந்தால் அது சரியாகி 45 நிமிடம் கழிந்த பின்பே ஓடலாம். நடுக்கமும் வியர்வையும் தடித்த உடுப்புக்குள்ளும் இயந்திர அதிர்விலும் தெரியாமல் போகலாம் என்பதால் மோட்டார் சைக்கிள்காரர் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாரிசவாதம் வந்தவர்கள், அது சில நிமிடத்தில் மாறிய சிறு தாக்கமானாலும், குறைந்தது ஒரு மாதம் ஓடக் கூடாது. எழுபது வயதில் லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. மூன்று சில்லுக்கு எந்த லைசன்ஸ் என்பது முன்சில்லுகளின் இடைவெளி 460 மில்லிமீற்றருக்குக் குறைவா கூடவா என்பதையும், நீங்கள் லைசன்ஸ் எடுத்தது 2013 ஜனவரி 19ஆம் திகதிக்கு முன்பா பின்பா என்பதையும் பொறுத்து மாறும். கார் லைசன்ஸ் போதும் என்று விற்பவர் சொன்னாலும் டி.வி.எல்.ஏ.விடம் நேரே கேளுங்கள்.

தலைக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. இந்நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு 1973இல் அது கட்டாயமாகியது. அதற்குப் பின்னால் ஒரு வைத்தியரின் உழைப்பு இருக்கிறது. 'அரேபியாவின் லோறன்ஸ்' எனப்பட்டவர் 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெயின்ஸ். பின்னர் அவர் இராணுவத் தபாற்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து தலைக்கவசத்தின் பயனை எடுத்துக் காட்டினார். அகன்ற மூன்று சில்லு வண்டிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் தார் வீதிக்குச் சில்லின் எண்ணிக்கை தெரியாது, போடுங்கள். மூன்று சில்லிலும் உங்களைச் சுற்றித் தகடு இல்லை, காற்றுப்பை இல்லை, ஆசனப் பட்டி இல்லை. கார்க்காரன் பார்க்காமல் திரும்பினால் அடி உங்கள் உடம்புக்குத்தான்.

அண்ணை இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கால் காட்ட வருகிறார். நாம் கேட்கும் முன்பே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். சென்ற முறை அக்காவிடம், திரும்பவும் பின்னால் ஏறுகிறீர்களா என்று கேட்டோம். "கோடையில ஒருக்கா ஏறினனான். வளைவில என்னை வெளியால எறியப் பாக்குது டொக்டர். பிடிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். பிறகு எமது கையிலிருந்த நைலோன் இழையைக் காட்டி, "உது எனக்கும் ஒருக்காப் பாருங்கோ. எனக்கும் எட்டு வருசமாச் சீனி" என்றார். அக்காவும் கால் பரிசோதனைக்கு ஒருநாளும் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலில் மதிய உணவுக்கு முன்பு மண்டபத்தின் பின்னறையில் ஒரு மேசையோடு இருப்போம். நீரிழிவு உள்ளவர்கள், ஆண் பெண் இருபாலாரும், கழற்ற எளிதான காலுறையோடு வாருங்கள். ஆறு இடம் தொட இரண்டு நிமிடம் போதும். உங்கள் பெயரை நாம் எங்கும் எழுதமாட்டோம்.